ஒரு பாத்தியை வைத்துச் சொல்ல முடியாது

சரவணா, இதையெல்லாம் போனில் ஆரம்பித்தால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. அப்பா முன்னறையில் உட்கார்ந்து உறைகளின் மேல் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார். ரயில்வேயில் அத்தனை வருடம் ரிஜிஸ்தர் எழுதிய கை என்பதால் ஒவ்வொரு பெயரும் அச்சடித்த மாதிரி நிற்கிறது. அவசரமே இல்லாமல் எழுதுகிறார். நான் சமையலறையில் இருக்கிறேன். குழம்பு கொதித்து முடிவதற்குள் இதை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடியாது போலிருக்கிறது.

போன மாதம் நீ என்னிடம் இரண்டு கேள்வி கேட்டாய். "அம்மா, தாத்தாவுக்கு வந்துச்சு, அப்பாவுக்கும் வந்துச்சு. நெட்ல பாத்தேன், இந்த மனச்சோர்வுக்கு ஹெரிட்டபிலிட்டின்னு ஒரு நம்பர் போட்டிருக்கான். எனக்கு வர்றதுக்கு அவ்ளோ சான்ஸ் இருக்குன்னுதான அர்த்தம்? நீதான் அதுல டாக்டர் பட்டம் வாங்கினவ, நீயே சொல்லு." அது முதல் கேள்வி. நான் பதில் சொல்வதற்குள், "நிர்மலா வீட்டுல இதச் சொல்லணுமாம்மா?" என்று அடுத்ததைக் கேட்டாய். அப்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். இப்போது இரண்டுக்கும் பதில் இருக்கிறது. முதல் கேள்விக்கு என்னால் முடிந்த பதில். இரண்டாவதற்கு உன் அப்பா சொன்ன பதில்.

என் வேலை என்னவென்று நீ சின்னப் பையனாக இருந்தபோது கேட்டால் "எங்கம்மா நெல்லு எண்ணுவாங்க" என்று எல்லாரிடமும் சொல்வாய். அது பொய்யில்லை. ஒரு வயலில் பல வகை நெல்லை நட்டால் ஒன்று செழித்து வரும், ஒன்று வாடி நிற்கும். அந்த வித்தியாசத்தில் எவ்வளவு விதையோடு வந்தது, எவ்வளவு மண்ணாலும் தண்ணீராலும் வந்தது என்று பிரித்துப் பார்ப்பதுதான் நான் இத்தனை வருடம் செய்த வேலை. விதையோடு வந்த பங்கைத்தான் ஹெரிட்டபிலிட்டி என்கிறோம். பாடப் புத்தகத்தில் மரபுவழித்திறன். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஒரு எண். ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால், நல்ல செடியைப் பொறுக்கி விதை எடுத்தால் அடுத்த தலைமுறையும் நன்றாக வரும் என்று நம்பலாம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நீ பொறுக்கியது செடியை அல்ல, அது நின்ற இடத்தை. ஆனால் அந்த எண்ணை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கொஞ்சம் பாத்திகள் போட்டு, அறுத்து, எடைபோட்டு, கணக்குப் போட்டு ஊகிக்கிறோம். பாத்தி குறைந்தால் ஊகம் தள்ளாடும். எவ்வளவு தள்ளாடும் என்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். அதற்குத் திட்டப் பிழை என்று பெயர். பிழை என்றால் தப்புச் செய்தோம் என்று இல்லை. உண்மை இந்த எண்ணிலிருந்து இந்தப் பக்கம் இவ்வளவு தூரம், அந்தப் பக்கம் இவ்வளவு தூரம் தள்ளி இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

சுனாமி வந்த பிறகு பரங்கிப்பேட்டைப் பக்கத்தில் கடலோர வயல்கள் உப்பேறிக் கிடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த மண்ணில் நிற்கக்கூடிய நெல் ஒன்றைத் தேடும் வேலை எங்கள் துறைக்கு வந்தது. என்னிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மும்தாஜ் அதை எடுத்துக்கொண்டாள். பரங்கிப்பேட்டைப் பெண். வாப்பா சவூதியில். அவர்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண் அவள்தான். நம் வீட்டுக்கு வந்தால் உன் ரூமில் உட்கார்ந்து உன் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவாளே, நீகூட ஒருமுறை கோபித்துக்கொண்டாய். வயல் கொடுத்தவர் கலியபெருமாள் என்ற விவசாயி. கடல் தண்ணீர் ஏறி இறங்கியதிலிருந்து அவர் நிலத்தில் ஒழுங்காக ஒரு அறுவடை இல்லை. "போட்டுப் பாருங்க மேடம். சும்மாதான கெடக்குது" என்று விட்டுவிட்டார். இன்னும் பெயர் வைக்காத புது நெல்லை நாங்கள் கல்ச்சர் என்று சொல்லி எண் போட்டு வைப்போம். அப்படி நாற்பது கல்ச்சர். இடம் போதாததால் ஒவ்வொன்றுக்கும் இரண்டே பாத்தி. 2006 சம்பாவில் நட்டோம்.

அறுவடை முடிந்து கணக்குப் போட்டால் எண் பிரமாதமாக வந்தது. முக்கால் பங்குக்குப் பக்கம். பதினேழாம் எண் கல்ச்சர் மற்ற எல்லாவற்றையும் தாண்டி நின்றது. துறையில் எல்லாரும் இனிப்பு சாப்பிட்டோம். இரண்டு நாள் கழித்து மும்தாஜ் ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். முகம் சரியில்லை.

"மேடம், பிழையும் சேத்துப் போட்டுப் பாத்தேன். கீழ கால் பங்கு வரைக்கும் எறங்குது. மேல ஒண்ணத் தாண்டிப் போவுது மேடம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்றைத் தாண்டினால் என்ன அர்த்தம்? வித்தியாசம் மொத்தமும் விதையால் வந்தது, அதற்கு மேலும் கொஞ்சம் விதையால் வந்தது என்று அர்த்தம். அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது. எங்கள் பாத்திகள் போதவில்லை என்று கணக்கே எங்களைப் பார்த்துக் கேலி செய்கிறது. ஆனால் மும்தாஜ் சிரிக்கவில்லை. அவளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை துபாயில் வேலை. அடுத்த லீவுக்கு அவர் வருவதற்குள் ஆராய்ச்சியை முடித்துக் கொடுத்துவிட்டுக் கல்யாணம் என்பது ஏற்பாடு. அந்த முக்கால் பங்கை மட்டும் எழுதிக் கொடுத்தால் முடிந்தது. பிழையையும் எழுதினால், இன்னொரு சம்பா போட்டுப் பார்க்காமல் விதை கொடுக்கலாம் என்று சொல்ல அவளுக்கே வாய் வராது. எங்கள் பக்கத்தில் சம்பாவை விட்டால் அடுத்த சம்பாதான். முழுசாக ஒரு வருடம்.

துறைத்தலைவர் கெட்டவர் இல்லை. "ஊரே உப்புல கெடக்குது மேடம். நீங்க பிழை பாத்துக்கினு இருக்கீங்க. எல்லாரும் அந்த ஒத்த நம்பரத்தான் போடுறாங்க. பதினேழ உழவர் தினத்துல அறிவிச்சிடலாம்" என்றார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அதைவிட நியாயமாகப் பேசியவர் கலியபெருமாள். இன்னொரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விதை தருவோம் என்று வரப்பில் நின்று சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "ஒங்களுக்கு அது இன்னொரு பருவம். எனக்கு அது ஒரு வருசம் மேடம்" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? இதை உனக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நாம் காத்திருக்கும்போது அந்தக் காத்திருப்புக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். அவர் பெரும்பாலும் நாமாக இருப்பதில்லை.

முடிவை நான் மும்தாஜிடம் விட்டேன். ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்து, "இன்னொரு பருவம் போடுறேன் மேடம். மூணு எடத்துல போடலாம். நாலு பாத்தியா" என்றாள். அடுத்த வாரமே மாப்பிள்ளையின் அம்மா காலேஜுக்கு வந்துவிட்டார். கூட யாரும் இல்லை. பஸ்ஸைப் பிடித்துத் தனியாக வந்திருந்தார். என் அறையில் உட்கார்ந்து, "எங்க மருமவளா வரப்போற புள்ள நெல்லுக்காவ நிக்காவத் தள்ளுதாம். நெல்லு என்னா ஓடியா போவப் போவுது?" என்று கேட்டார். மும்தாஜை அழைத்தேன். அவள் தலையில் துணியைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றாள்.

"மாமி, ஒரு கடையில ஒருதரம் மீன் வாங்குறீங்க. நல்லா இருந்துச்சு. ஒடனே அந்தக் கட நல்ல கடன்னு சொல்லிடுவீங்களா? நாலுதரம் வாங்கிப் பாத்துத்தான சொல்லுவீங்க?"

அந்த அம்மாள் யோசித்தார். "எங்க தெருவுக்கு மீன் கொண்டாறது ஒரே ஆளுதான். நல்லால்லன்னாலும் அவன்கிட்டதான் வாங்கணும்" என்றார். டீ வரவழைத்துக் கொடுத்தேன். குடித்து முடித்து எழுந்திருக்கும்போது அவரே, "அவனுக்கும் இந்த வருசம் லீவு கெடைக்குமான்னு தெரியலங்குறான். போட்டும், நெல்ல முடிச்சுட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் புரியவைத்ததால் அவர் சம்மதிக்கவில்லை. லீவு இல்லாததால் சம்மதித்தார். பெரிய விஷயங்கள் பலதும் இப்படித்தான் முடிவாகின்றன, சரவணா.

அந்தச் சம்பாவில்தான் உன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. "உடம்பு" என்றுதான் உனக்குப் போனில் சொன்னேன். நீ சேலத்தில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாய். நம் பாதையை அகலமாக்குவதற்காக அப்போது தண்டவாளத்தைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். அப்பாவின் சிக்னல் அறைக்கு ரயிலே வராது. கடலூர் முதுநகருக்கு பஸ்ஸில் போய், வேலை இல்லாத இடத்தில் உட்கார்ந்துவிட்டு, பஸ்ஸில் திரும்பி வருவார். கொஞ்ச நாளில் பேச்சு குறைந்தது. பிறகு சாப்பாடு. ஒரு திங்கட்கிழமை கிளம்புவதற்குச் சட்டை போட்டுக்கொண்டவர் கட்டிலில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் நான் வயலிலிருந்து வந்தபோதும் அதே சட்டையோடு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். "ஏங்க, என்ன பண்ணுது?" என்றேன். "ஒண்ணும் பண்ணல. எழுந்திருக்க முடியல" என்றார். உன் தாத்தாவும் ஒரு வருடம் இப்படிச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார் என்று கல்யாணமான புதிதில் அவரே என்னிடம் சொல்லியிருந்தார். அப்போது அதற்கு யாருக்கும் பெயர் தெரியவில்லை. காத்து கருப்பு என்று தாயத்து கட்டினார்களாம். எங்களுக்குப் பெயர் தெரிந்திருந்தது. பாண்டிச்சேரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். மாத்திரை கேட்க மூன்று நான்கு வாரம் ஆகும், பொறுமையாக இருங்கள் என்றார் டாக்டர். முதல் மாத்திரை கேட்கவில்லை. இரண்டாவது கேட்டது.

நீ பொங்கலுக்கு வந்தாய். நான் உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை, ஆனால் பார்த்ததும் உனக்கே தெரிந்துவிட்டது. நீ அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உன் புத்தகத்தைப் படித்தாய். அவர் சுவரைப் பார்த்தார், நீ புத்தகத்தைப் பார்த்தாய். நான்கு நாளும் அப்படியே. நீ திரும்பிப் போன அன்று அப்பா, "அவன் போய்ட்டானா?" என்று கேட்டார். அத்தனை நாளில் அவராக வாயைத் திறந்து கேட்ட முதல் வார்த்தை அதுதான். இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. சித்திரை முடிந்து வேலைக்குத் திரும்பினார். இன்றைக்கும் சாப்பிட்ட பிறகு ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறார். ஒரு தடவை நன்றாகத்தான் இருக்கிறோமே என்று தானாகவே நிறுத்திப் பார்த்து, பட்டு, மறுபடி ஆரம்பித்தார். இதை எச்சரிக்கையாகத்தான் எழுதுகிறேன், குறித்துக்கொள்.

நெல்லுக்கு வருகிறேன். மூன்று இடத்தில் நாலு நாலு பாத்தியாகப் போட்டதில் பதினேழாம் எண் மற்றவற்றோடு மற்றதாகக் காணாமல் போனது. ஏன் என்று மும்தாஜ் பழைய வயல் வரைபடத்தை எடுத்துப் பார்த்தாள். போன வருடம் குலுக்கிப் போட்டதில் பதினேழின் இரண்டு பாத்தியும் வடக்கு ஓரத்தில், நல்ல தண்ணீர் வாய்க்காலை ஒட்டி விழுந்திருந்தது. அங்கே உப்பு கசிந்து போயிருந்தது. செடியின் திறமை இல்லை, வாய்க்காலின் தயவு. இரண்டு வருடத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது மரபுவழித்திறன் முக்காலிலிருந்து பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆனால் தள்ளாட்டம் குறைந்திருந்தது. மேலும் கீழும் கொஞ்ச தூரம்தான் போனது. "எண்ணு சின்னதாப் போச்சு மேடம், ஆனா இப்ப நம்பலாம்" என்று மும்தாஜ் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் இனிப்பு சாப்பிட்ட அன்றுகூட இல்லை. எல்லா இடத்திலும் சுமாராக, ஆனால் விழாமல் நின்ற இரண்டு கல்ச்சர் கிடைத்தன. கலியபெருமாள் அதில் ஒன்றை அடுத்த சம்பாவுக்கு விதைத்தார். விளைந்தது. பெரிதாக இல்லை, ஆனால் வீட்டுக்கு நெல் வந்தது. அவர் என்னிடம் நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. வழியில் பார்த்தால் இப்போதும், "ஒரு வருசம் போச்சு மேடம்" என்பார். ஆமாம், போனதுதான். மும்தாஜ் பட்டம் வாங்கி, நிக்காஹ் முடித்து, இப்போது துபாயில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். உன் கல்யாணத்துக்கு வர முயற்சி செய்கிறேன் என்றாள்.

இனி உன் கேள்வி. நீ நெட்டில் பார்த்த எண் ஒரு கூட்டத்தைப் பற்றிய எண். ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு காலத்தில், ஆயிரக்கணக்கான பேரைப் பார்த்து, அவர்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தில் இவ்வளவு பங்கு பிறப்போடு வந்திருக்கலாம் என்று சொல்கிறது. அதற்கு முன்னும் பின்னும் ஒரு தள்ளாட்டம் உண்டு. நீ அதைப் பார்க்கவில்லை, பக்கத்திலேயே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். வேறு ஊரில், வேறு காலத்தில் எடுத்தால் எண்ணே மாறும். அது உனக்கு வருவதற்கான வாய்ப்பு இல்லை. உன்னில் எத்தனை பங்கு அப்பா என்பதும் இல்லை. அப்பாவுக்கு வந்ததிலேயே எவ்வளவு தாத்தாவிடமிருந்து வந்தது, எவ்வளவு பிடுங்கிப் போட்ட தண்டவாளத்தால் வந்தது என்று என்னைக் கேட்டால் என்னால் பிரிக்க முடியாது. ஒரு ஆளுக்குள் பிரிப்பதற்குக் கணக்கே கிடையாது. நாற்பது கல்ச்சரும் மூன்று வயலும் இருந்தால் பிரிக்கலாம். நீ ஒரே ஒரு பாத்தி, சரவணா. உன்னை மறுபடி நட்டுப் பார்க்க முடியாது. அப்படியானால் பயமே வேண்டாமா என்றால், அப்படியும் சொல்லமாட்டேன். அப்பாவுக்கு வந்திருந்தால் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக வருகிறது என்பது உண்மை. பலருக்கு வருவதே இல்லை என்பதும் உண்மை. தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் போனால் யாரிடமாவது சொல். அவ்வளவுதான் என் படிப்பு எனக்குச் சொல்வது. இதற்கு மேல் எவர் உறுதியாகச் சொன்னாலும், பிழையை மறைத்து ஒற்றை எண்ணைக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்.

இந்தப் பதிலைத்தான் நிர்மலா வீட்டில் சொல்வதற்கு நான் தயார் செய்துகொண்டு போனேன். உன் இரண்டாவது கேள்வியை அப்பாவிடம் சொன்ன உடனே அவர், "போயிட்டு வருவோம்" என்று கிளம்பிவிட்டார். விருத்தாசலம் போய், அங்கிருந்து மங்கலம்பேட்டைக்கு வேறு பஸ். வழியெல்லாம் 'தானே' புயலில் சாய்ந்த முந்திரி மரங்கள் இன்னும் அப்படியே வேரைக் காட்டிக்கொண்டு கிடந்தன. நான் பஸ்ஸிலேயே பேச வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கூட்டம், ஆள், தள்ளாட்டம், எல்லாவற்றையும் எளிமையாக எப்படிச் சொல்வது என்று. இறங்கும்போது அப்பா, "நீ பேசாம இரு. நான் சொல்லிக்கறேன்" என்றார்.

நிர்மலாவின் அப்பா வாசலுக்கே வந்து அழைத்துப்போனார். டீ வந்தது. அப்பா டம்ளரைக் கையில் எடுக்காமலே ஆரம்பித்தார்.

"சம்பந்தி, ஒண்ணு சொல்லணும்னு வந்தோம். அஞ்சு வருசத்துக்கு முன்ன எனக்கு மனசு சரியில்லாமப் போச்சு. மாசக்கணக்கா வேலைக்குப் போவல, யார்கிட்டயும் பேசல. பாண்டிச்சேரில காட்டி, மாத்திர சாப்ட்டு சரியாச்சு. இன்னும் சாப்டுறேன். எங்க அப்பாவுக்கும் இதேதான் இருந்துச்சு. பையனுக்கு இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் இல்ல. நாளைக்கு வருமா வராதான்னா எனக்குத் தெரியாது. இவ இதுலயே டாக்டர் பட்டம் வாங்கினவ, இவளுக்கும் தெரியாது. எங்க வீட்ல அது வந்தா என்ன செய்யணும்னு தெரியும், அவ்ளோதான். யோசிச்சுச் சொல்லுங்க."

நான் பஸ் முழுக்க யோசித்தது மொத்தமும் அதற்குள் வந்துவிட்டது. நிர்மலாவின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க வீட்ல சர்க்கர ஜாஸ்தி சம்பந்தி. எனக்கு, எங்கண்ணனுக்கு, எல்லாருக்கும். அத நாங்க சொன்னமா?" என்று சிரிக்கப் பார்த்தார். ஆனால் நிர்மலாவின் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். நெடுநேரம் வரவில்லை. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். உன் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் அமைதியாக ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் திரும்பி வந்தபோது உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். "அண்ணே, அந்தப் பாண்டிச்சேரி டாக்டரு இப்பவும் இருக்காரா?" என்று அப்பாவைக் கேட்டார். இருக்கிறார் என்றதும் அழுதுவிட்டார். "எங்க தம்பி வெளியூர்ல இருக்கான்னு ஒங்ககிட்டச் சொன்னோம்ல? வெளியூர்ல இல்ல. பின்னால ரூம்லதான் இருக்கான். மூணு வருசமாச்சு வெளிய வந்து."

நிச்சயதார்த்தத்துக்குத் தாய்மாமன் வரவில்லையே என்று நம் பக்கத்தில் சிலர் முணுமுணுத்தது உனக்குத் தெரியும். என் மூளை எப்படிப்பட்டது என்றால், அந்த அம்மாள் அழுதுகொண்டிருக்கும்போதே அது கணக்குப் போட்டது. அவர்கள் பக்கத்திலும் இருக்கிறது, நம் பக்கத்திலும் இருக்கிறது, பிறக்கப்போகும் குழந்தைக்கு என்ன என்று. கணக்குப் போட்டு முடிப்பதற்குள் உன் அப்பா எழுந்துவிட்டார். "பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பின்பக்கம் நடந்தார். ஜன்னல் சாத்திய அறை. கட்டிலில் அந்த அம்மாளின் தம்பி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அப்பா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் இருந்தோம். உள்ளேயிருந்து பேச்சுச் சத்தமே வரவில்லை. ஒரு மணி நேரம் இருக்கும். வெளியே வந்து, "அடுத்த வாரம் வறேன்னு சொல்லியிருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பா மங்கலம்பேட்டைக்குப் போகிறார். ஒரு தடவை காரில் நிர்மலாவின் மாமாவைப் பாண்டிச்சேரிக்கும் அழைத்துப்போய் வந்தார்கள். இதை உன்னிடம் சொல்வது நிர்மலாவின் உரிமை, என்னுடையது இல்லை என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று சாயங்காலம் அவள் பெங்களூரிலிருந்தே போன் செய்தாள். "அத்த, எங்க மாமா விஷயத்த அவர்கிட்டச் சொல்லிட்டேன். மறைக்கச் சொல்லி அம்மா சத்தியம் வாங்கியிருந்தாங்க, இப்ப அவுங்களே சொல்லச் சொன்னாங்க. அவரு ஒண்ணுமே சொல்லல அத்த. கொஞ்ச நேரம் கூடவே ஒக்காந்திருந்தாரு. அப்புறம் டீ குடிக்கலாமான்னாரு. கோவமா இருப்பாரா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கோவம் இல்லம்மா. எங்க வீட்ல அதுக்கு வேற அர்த்தம், போகப்போகத் தெரிஞ்சுக்குவ" என்றேன்.

குழந்தையைப் பற்றி நான் போட்ட அந்தக் கணக்கை உன்னிடம் மறைக்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். டாக்டரையும் கேளுங்கள். ஆனால் அந்தக் கணக்கின் தள்ளாட்டம் நான் என் வாழ்நாளில் பார்த்த எதைவிடவும் பெரியது. அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த வெகு சில விஷயங்களில் அது ஒன்று.

போன சனிக்கிழமை அப்பா திரும்பி வந்தபோது செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசல் வரைக்கும் வந்துவிட்டார். அப்படி அவர் செய்யவே மாட்டார். "பேசினாரு" என்றார். என்ன பேசினார் என்று கேட்டேன். "கல்யாணம் என்னைக்குன்னு கேட்டாரு." அவ்வளவுதான். தேதியைச் சொன்னாராம். "மாமன் மாலை எடுத்துக் குடுக்கணும்ல?" என்று இவர் கேட்டதற்கு, பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினாராம். வருவாரா மாட்டாரா என்று அன்றைக்குத்தான் தெரியும். நிர்மலாவின் அம்மா எதற்கும் இன்னொரு மாமனையும் சொல்லி வைத்திருக்கிறார். அதுவும் சரிதான்.

நீ அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து கிளம்பும்போது நிர்மலாவின் மாமாவுக்கு ஒரு பட்டுவேட்டியும் சட்டையும் நம் பக்கத்து மரியாதையாக எடுத்துக்கொண்டு வா. சட்டை கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், மாத்திரை ஆரம்பித்தால் உடம்பு போடும். அளவு அப்பாவுக்குத் தெரியும். அவருக்கே போன் செய்து கேள்.

அம்மா